அத்தியாயம் 9: நண்பர்களோடு பெரிய உணவகத்துக்குப் போதல்

கொலன்னாவையிலிருந்து கொள்ளுப்பிட்டி ஒன்றும் தூரமில்லை. தெமட்டகொடை, பொரளை தாண்டினால் வந்துவிடும். இருந்தும் கொழும்பின் பெயர்பெற்ற உணவகங்கள் நம்மில் பலருக்கு பஸ்ஸிலிருந்து பார்க்கிற கட்டடங்களாகவே இருக்கின்றன. காசு மட்டும் காரணமில்லை. ஒரு பிறந்தநாளுக்கு கேக், பிரியாணி, சோடா எல்லாம் வீட்டுக்கு எடுப்பித்துச் செலவழிப்பதைக் கூட்டிப் பார்த்தால் தெரியும். தடுப்பது கூச்சம்தான். விலை எவ்வளவு வரும் என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். கூட வருகிறவர்களின் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது.

கூச்சத்துக்கு மருந்து, கேட்க வேண்டியதை எல்லாம் மேசையில் உட்கார முன்னரே கேட்டு முடிப்பது. அதை எந்த வரிசையில் செய்வது என்பதே இந்த அத்தியாயம். நான்கு முதல் எட்டுப் பேர் வரை போகிற கூட்டத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆறு பேர் என்றால் மிகவும் வசதி. ஒரே மேசையில் எல்லோரும் ஒரே கதையில் இருக்கலாம், எடுக்கிற எல்லாக் கறியும் எல்லோருக்கும் எட்டும்.

## புறப்பட முன்: ஆறு படிகள்

இரண்டு கிழமை கையில் இருக்கட்டும்.

1. ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும். ஒருவர்தான், இரண்டு பேர் வேண்டாம். இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதால் அது நீங்கள்தான்.

2. தலைக்கு எவ்வளவு என்பதை முதலில் தீர்மானியுங்கள். இடத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம். குழுவில் பொதுவாகக் கேட்டால் கையில் காசு உள்ளவர் மட்டும் பதில் எழுதுவார். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் எடுத்துக் கேளுங்கள். வந்த தொகைகளில் மிகக் குறைந்தது எதுவோ, அதுதான் கூட்டத்தின் தொகை. யார் சொன்னது என்று வெளியே சொல்ல வேண்டாம்.

3. யார் எதைச் சாப்பிடமாட்டார், யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று எழுதி வையுங்கள். விரிவாகக் கீழே சொல்கிறேன்.

4. நாளைக் குறியுங்கள். வெள்ளி, சனி இரவுகளிலும் சம்பளம் விழுந்த முதல் வார இறுதியிலும் எல்லா இடமும் நிரம்பி வழியும். செவ்வாய், புதன் இரவு போனால் நல்ல மேசை கிடைக்கும், பரிமாறுகிறவருக்கும் உங்களோடு கதைக்க நேரம் இருக்கும். போயா தினத்தில் மதுபானம் விற்கக் கூடாது என்பது சட்டம். கூட்டத்தில் குடிப்பவர்கள் இருந்தால் கலண்டரைப் பார்த்துவிடுங்கள். குடிக்காத கூட்டத்துக்கு போயா நாள் வசதிதான், ஆனால் குடும்பங்கள் கூட்டமாக வரும்.

5. இடத்தை இரண்டாகக் குறுக்கி, குழுவில் அந்த இரண்டை மட்டும் போடுங்கள்.

6. முன்பதிவு செய்யுங்கள். நேரத்தோடு, பேரோடு, எத்தனை பேர் என்ற கணக்கோடு.

வழமையான பிழை: வாட்ஸ்அப் குழுவில் "எங்க போவம்?" என்று போட்டுவிட்டுக் காத்திருப்பது. இருபது இடங்களின் பெயர் வரும், நான்கு நாள் கழித்துக் கதை வேறெங்கோ போயிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். இடத்தின் பெயரைச் சொன்ன பிறகு ஒருவர் "எனக்கு அண்டைக்கு வேற ஒரு அலுவல் இருக்கு மச்சான்" என்று பின்வாங்கினால், அரைவாசித் தடவை அந்த அலுவல் காசுதான். இரண்டாம் படியைச் சரியாகச் செய்திருந்தால் இது வராது.

## பட்டியல் விலையும் பில் விலையும்

உணவகத்தின் விலைப் பட்டியலைப் போனிலேயே பார்க்கலாம். பார்க்கும்போது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் வாசியுங்கள். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி (++) இருக்கலாம், அல்லது "சேவைக் கட்டணமும் அரச வரிகளும் சேர்க்கப்படும்" என்று ஒரு வரி இருக்கலாம். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: நீங்கள் பார்ப்பது கடைசி விலை அல்ல.

ஆயிரம் ரூபா கறி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

- பட்டியல் விலை: 1,000 ரூபா
- சேவைக் கட்டணம் 10 வீதம் சேர: 1,100
- சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம் சேர: ஏறத்தாழ 1,128
- வற் வரி 18 வீதம் சேர: ஏறத்தாழ 1,330

வற் 2024 ஜனவரியில் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. சமூகப் பாதுகாப்பு வரி 2022 ஒக்டோபரில் வந்தது. சில இடங்களில் அது தனி வரியாகப் பில்லில் நிற்கும், சில இடங்களில் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும். வரி வீதங்கள் மாறுகிறவை. ஆகவே மேலே உள்ள எண்களை விட, கணக்குப் போடுகிற முறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு ஒரு குறுக்கு வழி: ++ என்று கண்டால் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டுங்கள்.

இதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். தலைக்கு 7,500 என்று ஆறு பேர் ஒத்துக்கொண்டால் மொத்தம் 45,000. அதை 1.33ஆல் பிரித்தால் 33,800 சொச்சம். பட்டியலில் நீங்கள் தெரிவு செய்யக்கூடிய பெறுமதி அவ்வளவுதான். யாராவது கடைசியில் வட்டிலாப்பம் கேட்பார், இன்னொருவர் இரண்டாவது ஜூஸ் எடுப்பார். அதற்குக் கொஞ்சம் ஒதுக்கி, 30,000க்குள் சாப்பாட்டை நிறுத்துங்கள். 45,000 ரூபா இருக்கிறது என்று நினைத்துப் பட்டியலைத் திறக்கிறவர்தான் பில் வந்ததும் வியர்க்கிறார்.

### வங்கி அட்டைக் கழிவு

கொழும்பில் முழு விலைக்குச் சாப்பிடுகிறவர் குறைவு. ஏதாவதொரு வங்கியின் கிரெடிட் கார்ட்டுக்கு ஏதாவதொரு நாளில் கழிவு இருக்கும். குழுவில் யாரிடம் எந்த வங்கியின் கார்ட் இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அந்த வங்கியின் சலுகைப் பக்கத்தைப் பாருங்கள். பார்க்க வேண்டியவை:

- எந்தெந்த நாள், மதியமா இரவா
- குறைந்தபட்ச பில் எவ்வளவு, கூடியபட்சக் கழிவு எவ்வளவு
- சாப்பாட்டுக்கு மட்டுமா, பானங்களுக்கும் உண்டா
- புஃபேக்குப் பொருந்துமா
- நீண்ட விடுமுறை, பண்டிகை நாட்களில் செல்லுமா

கூடியபட்சக் கழிவைத்தான் பலர் தவற விடுகிறார்கள். "30 வீதம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கூடியது 5,000 ரூபா என்பது கீழே இருக்கும். முன்பதிவு செய்யும்போது உணவகத்திடமும் ஒருதரம் கேட்டு உறுதி செய்யுங்கள். வங்கியின் பக்கத்தில் முடிந்துபோன சலுகை இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதுண்டு.

## எங்கே போவது?

நான் சொல்வது உள்ளூர்ச் சாப்பாட்டை நல்ல மேசையில், நல்ல விதமாகத் தருகிற இடங்களைத்தான். இத்தாலியனும் ஜப்பானியமும் வேறு நாளைக்கு. முதல் தடவை போகிற கூட்டத்துக்குத் தெரிந்த சாப்பாடே நல்லது. பிட்டு எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே கொடுத்த காசுக்கு வந்ததா என்று உங்களாலேயே தீர்ப்புச் சொல்ல முடியும்.

ஒத்திகைக்கு: வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் உள்ள யாழ் உணவகம். ஆடம்பரம் இல்லை. நண்டுக்கறி, கணவாய், ஒடியற்கூழ் என்று யாழ்ப்பாணச் சாப்பாடு. பலருக்குச் சேர்த்து ஓடர் கொடுப்பது, பங்கிடுவது, பில்லைப் பிரிப்பது எல்லாவற்றையும் இங்கே குறைந்த செலவில் பழகிக்கொள்ளலாம். கூட்டமே சைவம் என்றால் இராமகிருஷ்ண வீதியில் ஷண்முகாஸ்.

முதல் பெரிய பயணத்துக்கு: நகர மண்டபத்துக்குக் கிட்ட, சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர மாவத்தையில் உள்ள உபாலிஸ், அல்லது கொள்ளுப்பிட்டி காலி வீதியில் ரேணுகா ஹோட்டலுக்குள் இருக்கும் பல்மைரா. முதலாவதில் சிங்களக் கிராமத்துச் சமையலிலிருந்து கொத்து வரை பட்டியல் நீளம். இரண்டாவதில் யாழ்ப்பாணக் கறிகள், அப்பம், பிட்டு. என்னைக் கேட்டால் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிற நாளுக்குப் பல்மைராதான். பட்டியலைப் பார்த்து அம்மாவுக்கு ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

இடத்துக்காகவே போவதற்கு: அல்பிரட் ஹவுஸ் வீதியில் உள்ள கலரி கஃபே. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்த வீடு, 1998இல் உணவகமானது. முற்றங்களைத் தாண்டித் தாண்டி உள்ளே போகிற அந்த நடைக்கே ஒருதரம் போகலாம். பேர்போனது கறுத்தப் பன்றிக்கறி. பன்றி சாப்பிடாதவர்கள் இருக்கிற கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் மாலையில் கேக்கும் தேநீருமாகப் போய்வரலாம், செலவும் குறையும். சினமன் கிராண்ட் ஹோட்டல் வளவுக்குள் பெரிய ஆலமரத்தின் கீழே நுக கம இருக்கிறது. மண்சட்டி, விறகடுப்பு என்று கிராமச் சோடனை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரைக் கூட்டிப்போக நல்ல இடம். உங்களுக்கென்றால், வீட்டில் கிடைக்கிற கறிக்கு ஹோட்டல் விலை கொடுக்கிறோம் என்ற எண்ணம் வரலாம்.

நண்டுக்கு: கோட்டையில் பழைய டச்சு வைத்தியசாலைக் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஒப் கிராப். சமையற்கலைஞர் தர்ஷன் முனிதாச, குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன மூவரும் 2011இல் தொடங்கியது. நம் களப்புகளில் பிடிபடும் பெரிய சேற்று நண்டுகளில் நல்லதெல்லாம் சிங்கப்பூருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலத்தில், அவற்றை இங்கேயே மேசைக்குக் கொண்டுவருவதுதான் யோசனை. விலை அதற்கேற்றபடி இருக்கும். முதல் பயணமாக இங்கே போகாதீர்கள். இரண்டு இடம் பார்த்த பிறகு, ஏதாவதொரு நல்ல விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடலைப் பார்த்துக்கொண்டு மீன் சாப்பிட வெள்ளவத்தை ஸ்டேசன் அவெனியூவில் பீச் வாடிய இருக்கிறது. மணலில் மேசை. அங்கே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை பாதுகாப்புப் பகுதியில் வருகிறது, தவறாமல் வாசியுங்கள்.

குறிப்பு: கொழும்பில் உணவகங்கள் இடம் மாறும், திருத்த வேலைக்கு மூடும். போவதற்கு முதல்நாள் ஒருதரம் போன் எடுப்பது ஒரு நிமிட வேலை.

## யார் எதைச் சாப்பிடமாட்டார்?

கொழும்பு நண்பர் கூட்டம் என்றால் ஒரு மேசையில் வெள்ளிக்கிழமை விரதக்காரரும், ஹலால் பார்க்கிறவரும், மாட்டிறைச்சி தொடாத சிங்கள நண்பரும், எல்லாம் சாப்பிடுகிற கொட்டாஞ்சேனைக்காரரும் இருப்பார்கள். இதைச் சமாளிப்பது கஷ்டமில்லை. கேட்காமல் விடுவதுதான் பிரச்சினை.

முதலாவது மாசி. இலங்கைச் சமையலில் மரக்கறி என்று பெயர் போட்டிருப்பதெல்லாம் சைவம் அல்ல. தேங்காய்ச் சம்பல், சீனிச்சம்பல், சுண்டல், சில இடங்களில் பருப்பிலும் மாசிக்கருவாடு விழும். பரிமாறுகிறவருக்கே இது இறைச்சியாகத் தோன்றாது, "மரக்கறிதான்" என்று மனச்சாட்சியோடு சொல்வார். ஆகவே "சைவமா?" என்று கேட்காதீர்கள். மாசியின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்: "மாசி போட்டதா?" சிங்களத்தில் "உம்பலகட தாலாத?" என்றால் போதும். முன்பதிவின்போதே சொல்லிவைத்தால் மாசி இல்லாத சம்பல் ஒன்றைத் தனியாக அரைத்துத் தருவார்கள். அந்த இடத்தில் வந்து கேட்டால், அரைத்து வைத்தது ஒன்றுதான் இருக்கும்.

இரண்டாவது, ஹலால். பன்றி இல்லாத உணவகம் எல்லாம் ஹலால் உணவகம் ஆகாது. பன்றி சமைக்கிற அடுப்பங்கரையில் கோழி மட்டும் ஹலால் என்றால் ஏற்றுக்கொள்ளலாமா என்பதை அந்த நண்பரே தீர்மானிக்கட்டும். உங்கள் வேலை உணவகத்திடம் இரண்டு கேள்வி கேட்டுப் பதிலை அவரிடம் கொடுப்பது: இறைச்சி எங்கிருந்து வருகிறது, பன்றிக்குச் சட்டி தனியா? அவர் தயங்கினால் இடத்தை மாற்றுங்கள். "நீ மீன் சாப்பிடு" என்று அழைத்துப் போவது மரியாதை இல்லை.

மூன்றாவது ஒவ்வாமை. இறால், நண்டு, கணவாய், கஜு, நிலக்கடலை, முட்டை. இதை விருப்பு வெறுப்போடு சேர்த்து எழுதாமல் வேறாக எழுதுங்கள். "அவருக்கு இறால் விருப்பமில்லை" என்பதும் "இறால் பட்டால் அவருக்கு மூச்சு அடைக்கும்" என்பதும் சமையலறைக்கு இரண்டு வேறு செய்தி. நண்டு உணவகத்துக்கு ஓட்டுமீன் ஒவ்வாமை உள்ளவரைக் கூட்டிப் போகவே வேண்டாம். சட்டியிலும் எண்ணெயிலும் அது இருக்கும்.

## முன்பதிவுப் போன்: இந்த வரிசையில் கேளுங்கள்

மதியச் சன நெரிசலில் எடுக்காதீர்கள். பின்னேரம் மூன்று, நான்கு மணி நல்லது.

1. நாள், நேரம், எத்தனை பேர். சின்னப் பிள்ளை, சக்கர நாற்காலி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.
2. உள்ளே குளிர் அறையா, வெளியேயா? வெளியே என்றால் மழை வந்தால் உள்ளே இடம் உண்டா?
3. விலைகள் வரிகளோடா, இல்லாமலா?
4. இன்ன வங்கிக் கார்ட்டுக்குக் கழிவு அன்றைக்கு உண்டா?
5. மாசி, ஹலால், ஒவ்வாமை பற்றியவை.
6. கடைசி ஓடர் எத்தனை மணிக்கு? அப்பம் எத்தனை மணிக்குத் தொடங்கும்? பல இடங்களில் அப்பம் இரவுக்கு மட்டும்தான்.
7. கேக் கொண்டுவரலாமா, வெட்டுவதற்குக் காசு எடுப்பார்களா? போத்தல் கொண்டுவருவதானால் திறப்பதற்கு எவ்வளவு?
8. வாகனம் நிறுத்த இடம்? முற்பணம் வேண்டுமா, வராவிட்டால் திரும்பக் கிடைக்குமா?

கதைத்தவரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். அன்றைக்கு வாசலில் "உங்கட புக்கிங் இல்லையே" என்று சொன்னால் அந்தப் பெயர் உதவும். பிறகு ஒரு குறுஞ்செய்தியாக எல்லாவற்றையும் அனுப்பி "சரி" என்ற பதிலை வாங்குங்கள்.

உடுப்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான சேர்ட், நீளக் காற்சட்டை, சப்பாத்து அல்லது நல்ல செருப்பு. கட்டைக் காற்சட்டையும் பாத்ரூம் செருப்பும்தான் பெரிய ஹோட்டல்களில் பிரச்சினை. நண்டு சாப்பிடப் போகும்போது வெள்ளை உடுக்காதீர்கள்.

## மேசையில்

முதலில் தண்ணீர். "ஸ்டில்லா ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்டால் இரண்டுக்கும் காசு. போத்தல் என்ன விலை என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆறு பேர் இரண்டு மணித்தியாலம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல் மட்டுமே ஒரு கறியின் விலைக்கு வந்துவிடும்.

ஓடரை ஒருவரே கொடுக்கட்டும். ஆளுக்கொரு தட்டு எடுப்பது இந்தச் சாப்பாட்டுக்குச் சரிவராது. ஆறு பேருக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: மீன் அல்லது கடலுணவு இரண்டு, இறைச்சி ஒன்று, மரக்கறி மூன்று, சம்பல் ஒன்று, சோறோ பிட்டோ இடியப்பமோ இரண்டு வகை. முதலில் இதில் முக்கால்வாசியை மட்டும் சொல்லுங்கள். வந்த தட்டின் அளவைப் பார்த்துவிட்டு மிச்சத்தைக் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொன்னால் மேசை நிரம்பி, பாதி ஆறிப்போகும். "அளவு எத்தனை பேருக்குப் போதும்?" என்று கேட்டால் பரிமாறுகிறவர் உண்மையையே சொல்வார். "எது நல்லம்?" என்று கேட்டால் விலை கூடினதைச் சொல்லக்கூடும். "நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் எதை எடுப்பீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக வரும்.

### நண்டு வந்தால்

நண்டுக்கு விலை நிறையைப் பொறுத்தது. மினிஸ்ட்ரி ஒப் கிராப்பில் அரைக் கிலோவில் தொடங்கி, இரண்டு கிலோவுக்கு மேல் "கிராப்ஸில்லா" வரை அளவுக்கொரு பெயர். அன்றைக்கு எந்த அளவு வந்திருக்கிறது என்பது பிடிபட்டதைப் பொறுத்தது, ஆகவே விருப்பமான அளவை முன்பதிவின்போதே சொல்லிவைப்பது நல்லது. நிறையில் பெரும்பங்கு ஓடு என்பதை மறக்க வேண்டாம். சின்ன நண்டு இரண்டு எடுப்பதா, பெரிதாக ஒன்று எடுப்பதா என்றால், பங்கிடுவதற்குப் பெரியதே நல்லது, கொடுக்கில் கட்டியாகச் சதை இருக்கும்.

வேலை நடக்கிற விதம்:

1. ஏப்ரனைக் கட்டுங்கள். பெரிய ஆட்களும்தான் கட்டுகிறார்கள்.
2. போனைத் தள்ளி வையுங்கள். படம் எடுப்பதென்றால் இப்போதே எடுத்து முடியுங்கள், பிறகு கை உதவாது.
3. கால்களில் தொடங்குங்கள். மூட்டில் முறித்து உறிஞ்சினால் வரும்.
4. கொடுக்கை இடுக்கியால் அகலப் பக்கத்தில் ஒருதரம் நெரியுங்கள். ஓட்டில் வெடிப்பு விழுந்தால் போதும். நொறுக்கினால் சில்லுகள் சதைக்குள் போய்விடும்.
5. உடம்பை இரண்டாகப் பிளந்து அறை அறையாகச் சதையை எடுங்கள்.
6. குழம்பைப் பாணால் துடைத்துச் சாப்பிடுங்கள். மிளகு நண்டில் பாதிச் சுவை அந்தத் துடைப்பில்தான் இருக்கிறது.

பல்லால் கடிக்காதீர்கள், முக்கியமாகப் பல்லுக்கு மூடி போட்டவர்கள். தேசிக்காய்த் துண்டு மிதக்கிற கிண்ணம் வந்தால் அது கை கழுவ. யாழ்ப்பாண நண்டுக்கறியில் இந்த இடுக்கிச் சண்டை இல்லை. அங்கே நீல நண்டைத் துண்டுதுண்டாக வெட்டி, கடைசியில் முருங்கையிலை போட்டு இறக்குவார்கள். ஓடு மெல்லியது, கையே போதும்.

## பாதுகாப்பு

ஒவ்வாமை: சாப்பிட்டுச் சில நிமிடங்களில் உதடு வீங்கினால், உடம்பில் தடிப்பு எழும்பினால், குரல் அடைத்தால், மூச்சு இழுத்தால் காத்திருக்காதீர்கள். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மருத்துவர் எபிநெப்ரின் ஊசி கொடுத்திருந்தால் அதை உடனே பாவிக்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அதை எந்தப் பையில் வைத்திருக்கிறார் என்று போகும்போதே கேட்டு வையுங்கள். மயக்கமாக இருக்கிறவரை எழுப்பி நடக்க விடாதீர்கள்.

தண்டவாளம்: பீச் வாடியவுக்குப் போகக் கரையோர ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். போகும்போது எல்லோரும் கவனமாகத்தான் போவார்கள். திரும்பும்போதுதான் இருட்டு, அலைச் சத்தம், கதை, சிரிப்பு. அலையின் இரைச்சலில் ரயிலின் சத்தம் காதில் விழாது. கூட்டமாகப் போகாமல், நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கடவுங்கள். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்க ஒருபோதும் வேண்டாம்.

மது: 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது, அடையாள அட்டை கேட்கலாம். குடித்தவர் கையில் சாவி இருக்கக் கூடாது. "ஒரு பியர்தானே" என்பவருக்கும் இதேதான். வாகனத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு பிக்மீயோ ஊபரோ எடுங்கள். இரவு பத்தரைக்கு மேல் கோட்டைப் பக்கம் உடனே வண்டி கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். பில் வருகிற நேரத்திலேயே தேடத் தொடங்குங்கள். பெண்கள் தனியாகத் திரும்புவதென்றால் பயண விபரத்தை ஒருவரோடு பகிர்ந்து, வீடு போய்ச் சேர்ந்ததும் செய்தி போடுவது என்ற ஒழுங்கைக் குழுவில் முதலே பேசிவையுங்கள்.

மழை: நம் பக்கம் வருகிறவர்களுக்கு மட்டும். களனி கங்கை பெருகினால் வெல்லம்பிட்டி, கொலன்னாவைத் தாழ்வீதிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்க அடித்த நாளில் இரவுப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முதல்நாளே சொன்னால் முற்பணத்தை வேறு நாளுக்கு மாற்றித் தரக்கூடும்.

மிச்சச் சாப்பாடு: கட்டித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை, எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் மேசையில் வந்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். கடலுணவை விட்டுவிடுங்கள். புஃபேயில் கட்டித் தரமாட்டார்கள்.

## பில் வந்ததும்

1. ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். பரிமாறுகிறவர் பக்கத்தில் நின்றாலும் அவசரப்பட வேண்டாம். தண்ணீர்ப் போத்தல், அப்பம், பாண் ஆகியவற்றின் எண்ணிக்கையில்தான் பிழை வரும்.
2. வங்கிக் கழிவு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்டைப் பில் போட முன் காட்ட வேண்டிய இடங்கள் உண்டு, முதலே சொல்லிவிடுங்கள்.
3. கார்ட் கண்ணை விட்டுப் போகக் கூடாது. இயந்திரத்தை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், தொகையைப் பார்த்த பிறகு இலக்கத்தை அழுத்துங்கள்.
4. கார்ட்டில் கட்டினால் இரண்டு, மூன்று வீதம் கூட என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் போடக் கூடாது என்பது மத்திய வங்கியின் நிலைப்பாடு.
5. சேவைக் கட்டணம் 10 வீதம் ஏற்கெனவே பில்லில் இருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது உங்கள் விருப்பம். மாசி இல்லாத சம்பலை நினைவு வைத்து அரைப்பித்துக் கொண்டுவந்தவருக்குக் கையில் ஏதாவது கொடுங்கள்.

பிழை கண்டால் குரலை உயர்த்தாமல் முகாமையாளரைக் கேளுங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். போட்ட விலைக்கு மேல் எடுத்துவிட்டுத் திருத்த மறுத்தால், பில்லைப் படம் எடுத்துக்கொண்டு நுகர்வோர் அதிகார சபைக்கு முறையிடலாம், இலக்கம் 1977.

பிரிப்பதற்கு நான் சிபாரிசு செய்வது இரண்டு நிரல் கணக்கு. சாப்பாடு ஒரு நிரல், அதை எல்லோருக்கும் சமமாகப் பிரியுங்கள். மது மற்ற நிரல், அது குடித்தவர்களுக்கு மட்டும். இதைப் போகும் முன்னரே சொல்லிவைத்தால் மேசையில் யாரும் யாரையும் பார்க்க வேண்டியிராது. யார் எத்தனை அப்பம் சாப்பிட்டார் என்று மூன்றாவது நிரல் போடத் தொடங்கினால் அடுத்த தடவை கூட்டம் சேராது. பிறந்தநாள்காரரின் பங்கை மற்றவர்கள் ஏற்பதென்றால், அவர் கை கழுவப் போகிற நேரத்தில் முடித்துவிடுங்கள்.

ஒருவர் கார்ட்டில் முழுவதையும் கட்டி, மற்றவர்கள் வங்கி அப் மூலம் அவருக்கு அனுப்புவதே இப்போது வழமை. கட்டியவர் பில்லின் படத்தையும் ஒவ்வொருவருடைய தொகையையும் அன்றிரவே குழுவில் போட வேண்டும். மற்றவர்கள் வண்டியில் இருக்கும்போதே அனுப்பிவிடலாம். மறுநாள் மதியத்துக்குள் வராத தொகைக்கு நினைவூட்டல் தனியாகப் போகட்டும், குழுவில் போட வேண்டாம்.